மூன்றாம் வரிசை, ஓரக் கதிரை

சுவரொட்டியில் அவர் பெயர் கூல் வீரா.
குலவீரசிங்கம் என்று முழுதாய் அடிக்க
எழுத்துக்குக் காசு கேட்டானாம் அச்சகக்காரன்.
என் பெயர் சுவரொட்டியில் இல்லை.
இருக்கவும் கூடாது.
அதுதான் என் தொழில்.

ஆதியில் அவர் பகிடிக்காரர் இல்லை.
கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை,
செத்த வீட்டுக்கு வந்த முகம்.
வாடகைக்கு எடுத்த புறா ஒன்று இருந்தது.
வினிப்பெக்கில் ஒரு தை மாதம், மைனஸ் முப்பத்து நாலு,
வான் கதவு உறைந்து திறக்க மறுத்த இரவில்
புறா போய்விட்டது.
பறந்து அல்ல.

மண்டபத்தில் இருநூறு பேர். கேக் வெட்டியாயிற்று.
சமையலறைப் பக்கம் ஓடிவிட்டு வந்தவர்
தொப்பிக்குள் கைவிட்டு
அதே செத்தவீட்டு முகத்தோடு வெளியே எடுத்தார்:
கல்லாய் இறுகிய முழுக்கோழி,
விலைச்சீட்டும் ஒட்டியபடி.
"பறக்க முதல் கொஞ்சம் இளகவேணும்" என்றார்.
பிறந்தநாள் பிள்ளை சிரித்து
கேக்கின்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கணக்கு.
கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்:
கோழிக்கு முன் மூன்று கைக்குட்டை,
கைக்குட்டை சனத்தைக் களைக்க வைக்க மட்டும்.
தொப்பிக்குள் கைவிட்ட பின் இரண்டு மூச்சு.
மூன்று மூச்சென்றால் கோழி செத்துப்போகும்.
(செத்த கோழி எப்படிச் சாகும் என்று கேட்டேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.)

நான் வந்தது பிராண்டனில்.
பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து,
யாரோ தலையில் கட்டிய டிக்கற்றோடு,
உண்மையான கோபத்தோடு.
அவர் வெறுங்கையை விரித்துக் காட்ட
எழும்பிக் கத்தினேன்:
"சட்டைக் கைக்குள்ள இருக்கு!"
இருந்தது. நான் கண்டேன்.
அவர் கோட்டைக் கழற்றினார்.
உள்ளே இன்னொரு கோட்டு.
மறுநாள் போன்:
"தம்பி, அதே கோபத்தோட
சனிக்கிழமையும் வரேலுமே?"

பதினொரு வருசம் வந்தேன்.
கையில் அரைக் கிளாஸ் பியர், குடிக்க அனுமதி இல்லை.
கோட்டுகள் இரண்டு நாலாகி, ஏழாகி
வேர்த்துக் கொட்டி ஐந்தில் நின்றன.
கல்யாண மண்டபத்தில் தமிழில் கத்துவேன்,
கசினோவில் இங்கிலிசில்.
கோபம் ஒன்றுதான்.
சில ஊர்களில் காவலாளி என்னைத் தூக்கி வெளியே போட்டான்.
அதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

தண்டர் பே. தடிமல். தொண்டை கட்டிவிட்டது.
எழும்பினேன், வாயைத் திறந்தேன்,
காற்று மட்டும் வந்தது.
அவர் காத்திருந்தார்.
என்னைப் பார்த்தார்.
தன் சட்டைக் கையைப் பார்த்தார்.
மறுபடி என்னை.
பிறகு, மிக மெல்ல, தானாகவே,
"...கைக்குள்ளயோ?"

மண்டபம் இடிந்து விழுந்த மாதிரி.
திரும்பும் வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை.
கெனோராவில் பெற்றோல் அடிக்கும்போது
கொப்பியை எடுத்து
ஒரே ஒரு வரி எழுதினார்:
இனிக் கத்த வேண்டாம்.

இப்போது எழும்புவேன், வாயைத் திறப்பேன், இருப்பேன்.
கத்தாமல் இருக்கச் சம்பளம்.
அவர் பார்வை என்னிடம் வந்து திரும்பும் நாலு நொடிக்குள்
எங்கள் இருவரின் பிழைப்பும் இருக்கிறது.
வீட்டில், கண்ணாடிக்கு முன்னால்,
சத்தமில்லாமல் கோபப்படப் பழகுகிறேன்.
கத்துவதைவிடக் கஷ்டம்.

போன மாதம் கிம்லியில்
நான் வாயைத் திறந்து நிற்க
ஐந்தாம் வரிசையில் ஒரு மனிசி,
தாதியோ என்னவோ, வேலைச் சப்பாத்தோடு,
எழும்பிக் கத்தினாள் அதே வசனத்தை.
உண்மையான கோபம்.
கேட்டதும் தெரிந்தது.
அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.
பதினொரு வருசத்துக்கு முன்னம்
அது எனக்காக எரிந்தது.

வானில் ஏறி, கோழிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"அந்தப் பிள்ளையின்ர நம்பர் எடுத்தனியே?"
எடுத்தனான் என்றேன்.
எங்கே வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கத்தியிருப்பேன்.